நாலு பேர் இருந்தா போதும்

எங்கள் திருவண்ணாமலையில் மனிதர்களை எத்தனையோ வகையாகப் பிரிக்கலாம். வெறுங்காலோடு கிரிவலம் போகிறவர்கள், செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்கள், பாதியில் ஆட்டோ பிடித்துவிட்டு முழுதும் நடந்ததாகச் சொல்கிறவர்கள் என்று அந்தப் பட்டியல் நீளும். நான் இன்று அறிமுகப்படுத்தப் போகிறவர் இந்த மூன்று வகையிலும் உண்டு. அவரைப் பார்க்க நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். உங்கள் வீட்டு வாசலில் பீரோ, பிரிட்ஜ், கருங்கல் என்று கனமான பொருள் ஏதாவது ஒன்றை இறக்கி வைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா நின்றால் போதும். வந்துவிடுவார்.

வந்தவர் முதலில் அந்தப் பொருளை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடிப்பார். பொருளின் ஒரு மூலையைப் பிடித்து இரண்டு அங்குலம் தூக்கிப் பார்த்து, கீழே வைத்து, 'இவ்வளவுதானா?' என்று உதட்டைப் பிதுக்குவார். அதற்குள் நீங்கள் எங்கிருந்தோ ஒரு கடப்பாரையையோ பலகையையோ இரும்புக் குழாயையோ தேடி எடுத்துக்கொண்டு வந்திருந்தால், உங்களைப் பார்த்து இரக்கத்தோடு சிரிப்பார். அப்புறம் அந்த வாக்கியம் வரும்.

"இதுக்கு இன்னாத்துக்கு சார் இதெல்லாம்? நாலு பேர் இருந்தா போதும்."

இவர்தான் நம் கதாநாயகர். எங்கள் தெருவில் இந்த வகைக்குத் 'தம் கட்டி' என்று பெயர். மூச்சை இழுத்து, நெஞ்சில் அடைத்து, கண் பிதுங்க, கழுத்து நரம்பு புடைக்க முக்கினால் உலகத்தில் தூக்க முடியாத பொருளே கிடையாது என்பது இவருடைய மதம். நெம்புகோல், கப்பி, சக்கரம், சாய்வுப் பலகை, ஆப்பு, திருகு என்று மனிதன் கண்டுபிடித்த அத்தனையும் உடம்பில் தெம்பில்லாதவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு என்பது அந்த மதத்தின் முதல் விதி.

இவர் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்தால், கொண்டு வந்தவர் அதைச் சாய்த்து, அடிவிளிம்பில் நிறுத்தி, ஒரே கையால் உருட்டிக்கொண்டு போவதை இவரால் சகிக்க முடியாது. "உருட்டாதப்பா, தூக்கு" என்பார். அந்த ஆள் கேட்கவில்லையென்றால் தானே பிடுங்கித் தோளில் வைத்துக்கொள்வார். ரயில் நிலையத்தில் சக்கரம் வைத்த பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறி, சமதரையில் இறங்கிய பிறகும் இறக்கி வைக்காமல், பெட்டியின் சக்கரங்கள் காதுக்குப் பக்கத்தில் சும்மா சுழன்றுகொண்டிருக்க, வண்டியின் கடைசிப் பெட்டி வரை நடந்து போகும் ஒருவரைப் பார்த்திருப்பீர்கள். அவரேதான். ஸ்கூட்டரை வாசற்படி ஏற்ற வீட்டில் பலகை இருக்கும். அதைக் குனிந்து எடுத்துப் போடும் நேரத்தில் முன்சக்கரத்தை ஒரு தூக்கு, பின்சக்கரத்தை ஒரு தூக்கு. கார் டயர் பஞ்சரானால் ஜாக்கியைத் தேட மாட்டார், ரோட்டில் போகிற ஆட்களைத் தேடுவார். பாட்டில் மூடியைத் திறக்க ஓப்பனர் கொடுத்தால், மரியாதையாக வாங்கி மேஜை மேல் வைத்துவிட்டுப் பல்லால் கடிப்பார். இந்த வகையில் நாற்பது வயதைத் தாண்டி, முன்பல் முழுதாக வைத்திருக்கும் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

சோம்பேறி என்று மட்டும் இவரை நினைத்துவிடாதீர்கள். ஓரமாக நின்றுகொண்டு 'அப்படிப் பிடி, இப்படித் திருப்பு' என்று யோசனை மட்டும் சொல்லும் ஆசாமிகள் வேறு ஜாதி. அவர்களைப் பற்றி யாரோ எங்கோ எழுதிக்கொண்டிருப்பார்கள். இவர் உண்மையாகவே தூக்குவார். உடம்பு நோகத் தூக்குவார். சிக்கல் அங்கேதான். வியர்க்காமல் முடிந்த வேலை இவருக்கு வேலையாகவே தெரியாது. யாராவது கல்லுக்கு அடியில் கடப்பாரையைச் செருகி, ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து, மறுமுனையில் சும்மா சாய்ந்து நின்றே அதைப் புரட்டிவிட்டால், ஏதோ பரீட்சையில் காப்பி அடித்துவிட்டவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

இத்தனைக்கும் நெம்புகோலைப் பள்ளிக்கூடத்தில் இவரும் படித்தவர்தான். படம் போட்டு, பாகம் குறித்து, மதிப்பெண்கூட வாங்கியிருப்பார். நீளமான கோலாக இருந்தால் குறைந்த பலம் போதும். சாய்வாக ஏற்றினால் நேராகத் தூக்க வேண்டாம். கப்பியில் நிறைய இழுத்தால் பாரம் கொஞ்சமாக ஏறும். இந்த எளிய எந்திரங்கள் எல்லாமே உங்களிடம் பலத்தைக் கம்மியாக வாங்கிக்கொண்டு, அதற்குப் பதிலாக வேறொன்றை ஜாஸ்தியாகக் கேட்கும். அது பொறுமை. தம் கட்டியிடம் பலம் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். பொறுமை மட்டும் கேட்கக் கூடாது.

சரி, அவர் பாட்டுக்குத் தூக்கிவிட்டுப் போகட்டுமே, உனக்கென்ன என்று கேட்பீர்கள். நாலு பேர் என்று அவர் சொன்னாரே, கவனித்தீர்களா? அதில் ஒருவர் அவர். மீதி மூன்று பேர் யார்? மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த வகையைச் சேர்ந்த ஒருவர் வீட்டு இரும்பு பீரோவுக்கு நான் மூன்றாவது ஆளாகப் போனேன். அன்றிலிருந்து சட்டைக்கு அடியில் இடுப்பு பெல்ட் போட்டுக்கொண்டுதான் உட்காருகிறேன், எழுந்திருக்கிறேன். எனக்கு இந்த வகையினர் மேல் கொஞ்சம் கோபம் உண்டு என்பதை மறைக்கப் போவதில்லை.

உதாரணத்துக்குப் புகழேந்தியையே எடுத்துக்கொள்வோம்.

புகழேந்தி எங்கள் அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேஜை. நல்ல மனிதர். வேங்கிக்காலில் எங்கள் தெருவிலேயே மனை வாங்கி, போன தை மாதம் வீடு கட்டி முடித்தார். கீழ்த்தளத்தில் மாறன் என்கிற பள்ளிக்கூட வாத்தியார் குடியிருக்கிறார். மாடியில் இவர்கள். இவர்கள் என்றால் புகழேந்தியும் அவர் மனைவி ரேணுகாம்பாளும், ரேணுகாம்பாளின் கிரைண்டரும். கிரைண்டரைக் குடும்பத்தில் ஒருவராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த அம்மாள் ரமணாசிரமம் பக்கத்தில் வாடகை வீட்டில் இருந்த காலத்தில், பொழுது போகவில்லையென்று செங்கம் ரோட்டு டிபன் கடை ஒன்றுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுக்க ஆரம்பித்து, இப்போது நாலு கடைகளுக்கு அவர் மாவுதான். குடம் சாய்கிற மாதிரியான பெரிய கிரைண்டர். வெள்ளைக்காரர்கள் வந்து உட்கார்ந்து இட்லியைக் கத்தியால் வெட்டிச் சாப்பிடுகிறார்களே, அந்த இட்லிகூட அதில் பிறந்ததுதான்.

மாதத்தில் மற்ற நாளெல்லாம் ஒரு பங்கு மாவு என்றால் பௌர்ணமிக்கு ஐந்து பங்கு. கிரிவலத்துக்கு வருகிற கூட்டம் அப்படி. அந்த ஒரு நாளில் மாவு தவறினால் கடைக்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். போன மாதம் கரண்ட் இல்லாமல் இரண்டு மணி நேரம் தாமதமானதற்கே ஒரு கடைக்காரர் போனில் சொல்லிவிட்டார். "இன்னொரு தபா இப்படி ஆச்சுன்னா நாங்க நாலு கடையும் கீழ்பென்னாத்தூர்ல ஒருத்தர் குடுக்கிறாரு, அவராண்டயே வாங்கிக்குவோம்மா. தப்பா நெனைச்சுக்காதீங்க."

இப்படி இருக்கும்போது, வீடு மாறுவதற்கு நல்ல நாள் பார்த்தது யார்? புகழேந்தி. எந்த நாள் பார்த்தார்? பௌர்ணமிக்கு முந்தின நாள்.

ரேணுகாம்பாள் விடியற்காலையிலேயே புது வீட்டு மாடிக்கு வந்து, நாலு டிரம் அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டுவிட்டுத்தான் பழைய வீட்டுக்குச் சாமான் கட்டப் போனார். ஊறிய உளுந்து மதியம் ஒரு மணிக்குள் கல்லில் விழுந்தாக வேண்டும். அதற்கு மேல் தண்ணீரில் கிடந்தால் நுரை கட்டி வாடை வந்துவிடும். அந்த மாவில் இட்லி வார்த்தால் சாப்பிடுகிறவர் முகம் கோணும். கிரைண்டர் பதினொரு மணிக்குள் மாடியில் இருந்தால் சரியாக இருக்கும் என்பது அவர் போட்ட கணக்கு.

இருசப்பனின் மினி லாரி பத்தே முக்காலுக்கு வந்து நின்றது. இருசப்பனும் ரேணுகாம்பாளும் லாரியின் பின்பக்கத்திலிருந்து தரைக்கு இரண்டு பலகையைச் சாய்த்து, கிரைண்டரைக் கயிற்றில் பிடித்துக்கொண்டே சறுக்கி இறக்கிவிட்டார்கள். குழவியை முன்பே கழற்றித் தனியாகச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார் அந்த அம்மாள். சத்தமில்லாமல் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. மாடியில் ஸ்விட்ச் போர்டு பார்த்துக்கொண்டிருந்த புகழேந்தி கீழே வந்து பார்த்ததும் அவர் முகம் சுருங்கிப்போனது.

"இறக்கிட்டீங்களா? என்னைக் கூப்பிட வேணாமா?"

"சறுக்கி வுட்டோங்க. சட்டுனு வந்துடுச்சு" என்றார் இருசப்பன்.

"சரி, மாடிக்கு நான் பாத்துக்கிறேன்" என்று கைக்கடிகாரத்தைக் கழற்றினார்.

ரேணுகாம்பாள் பக்கத்து மனையைக் காட்டினார். அங்கே சின்னசாமி மேஸ்திரி ஒரு வீட்டுக்கு முதல் மாடி எழுப்பிக்கொண்டிருந்தார். "மேஸ்திரியாண்ட சாரப் பலகை இருக்குது, செயின் பிளாக்கும் இருக்குது. ஒரு வார்த்தை சொன்னா வந்து மாட்டிக் குடுப்பாருங்க."

"செயின் பிளாக்கா? இன்னா, பாலமா கட்றோம்? கிரைண்டர்மா இது."

"கிரைண்டர்தாங்க. குழவி இல்லாமலே நூத்தி இருவது கிலோ."

"நாலு பேர் இருந்தா ஆளுக்கு முப்பது. ஒரு அரிசி மூட்டைய வுட கம்மி."

வகுத்தல் கணக்கு சரிதான். ஆனால் மாடிப்படிக்கு வகுத்தல் தெரியாது. படியில் எதையாவது தூக்கிக்கொண்டு ஏறும்போது கீழ்ப்படியில் நிற்கிற இரண்டு பேர் மேல்தான் முக்கால் பாரமும் வந்து உட்காரும். மேல்படியில் நிற்கிற இரண்டு பேர், தாங்களும் தூக்குவதாக மனப்பூர்வமாக நம்பிக்கொண்டிருப்பார்கள். இந்த உண்மை புகழேந்திக்குத் தெரியுமோ தெரியாதோ, அவர் எப்போதும் மேல்படிக்காரர்.

"அவ்ளோ பெரிய தேரையே ஜனங்க கையால இழுக்குறாங்க. இது ஒரு கனமா?" என்றார்.

"தேருக்குச் சக்கரம் இருக்குதுங்க. கிளப்பி வுடுறதுக்குப் பின்னாடி கட்டை போட்டு நெம்புறாங்க" என்றார் ரேணுகாம்பாள்.

புகழேந்தி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தெருவைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே என்று வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தது என் தவறு. பள்ளிக்கூட நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்த மாறன் ஜன்னலைச் சாத்தியிருக்கலாம்; அது அவர் தவறு. வாடகை வாங்கிக்கொண்டு புறப்பட்டிருக்க வேண்டிய இருசப்பன் ஒரு டீ குடிக்கலாம் என்று நின்றார். அது அவர் தவறு. இப்படி மூன்று தவறும் புகழேந்தியும் சேர்ந்து நாலு பேர் ஆகிவிட்டோம்.

"சார், எனக்கு இடுப்பு" என்றேன்.

"நீங்க சும்மா ஒரு கை வெச்சா போதும் சார். பேலன்ஸுக்கு" என்றார்.

பேலன்ஸுக்குக் கை வைத்த நானும் மாறனும் கீழ்ப்படியில். புகழேந்தியும் இருசப்பனும் மேல்படியில். வெளிப்பக்கமாகச் சுவரை ஒட்டி ஏறும் நேரான படிக்கட்டு, பதினெட்டுப் படி. கைப்பிடிக் கம்பி இன்னும் வைக்கவில்லை. திறந்த பக்கத்தில் கட்டட வேலைக்கு மிஞ்சிய மணல் குவிந்து கிடந்தது. ஆளுக்கு ஒரு காலாகப் பிடித்துத் தூக்கினோம். முதல் படி. இரண்டாம் படி. மாறனின் மூக்குக்கண்ணாடி நழுவி மூக்கு நுனிக்கு வந்தது. அதை ஏற்றிவிட அவருக்கும் கை இல்லை, எனக்கும் கை இல்லை. மூன்றாம் படியில் என் பெல்ட் ஒரு தடவை 'கிரீச்' என்றது. நாலாம் படியில் இருசப்பன், "சார், கொஞ்சம் வெச்சுட்டு ஏத்தலாமா?" என்றார். "வெச்சா மறுபடி தூக்க முடியாது, தம் கட்டு" என்றார் புகழேந்தி. ஐந்தாம் படியில் நாலு பேருக்கும் ஒரே சமயத்தில் வேகம் குறைந்தது.

அப்போதுதான் எங்களை உற்சாகப்படுத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது ஒரு குறிப்பிட்ட வார்த்தையை ஆரம்பித்தால் நம் வாய் அதை முடித்து வைக்கும். வாய் முடித்து வைக்கிற அதே நொடியில் இரண்டு கையும் தலைக்கு மேலே போய்விடும். கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியைப் பார்த்துக்கொண்டு லட்சம் பேர் நடுவில் நின்று பழகிய கை அது. மேலே போகலாமா என்று மூளையைக் கேட்காது.

"அண்ணாமலையாருக்கு..." என்றார் புகழேந்தி, அடிவயிற்றிலிருந்து.

"அரோகரா" என்றோம் மூன்று பேரும்.

எட்டுக் கையும் மேலே போயின.

கிரைண்டர் ஒரு நொடி படியின் விளிம்பில் யோசித்தது. நானும் மாறனும் கும்பிட்ட கையோடு மணலில் குதித்தோம். வாழ்க்கையில் நான் செய்த ஒரே வேகமான காரியம் அதுதான். கிரைண்டர் ஒவ்வொரு படியாக இடித்து, மூன்று படியின் முனையைப் பெயர்த்துக்கொண்டு போய், கீழே அடுக்கியிருந்த மணல் மூட்டையில் முட்டிச் சாய்ந்து நின்றது. பக்கத்து மனையில் கலவை போட்டுக்கொண்டிருந்த சத்தம்கூட நின்றுவிட்டது.

நாங்கள் தூக்க ஆரம்பிக்கும் முன்பே மாடிக்குப் போயிருந்த ரேணுகாம்பாள் இறங்கி வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். அவர் கிரைண்டரைப் பார்ப்பதற்கு முன்னால் எங்கள் நாலு பேர் காலையும் பார்த்தார். "யாருக்கும் கால்ல படலையே?" என்று கேட்டார். பிறகு கிரைண்டர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடிக்கல்லை விரல் கணுவால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டார். மோட்டார் பெல்ட்டைக் கையால் சுழற்றிப் பார்த்தார். ஒரு கால் வளைந்திருந்தது. கல்லில் விரிசல் இல்லை. எழுந்து மாடிக்குப் போய் டிரம்மிலிருந்து நாலு உளுந்தை எடுத்து நசுக்கி முகர்ந்து பார்த்துவிட்டு வந்தார். மணி பதினொன்றரை தாண்டியிருந்தது. அவர் கண்ணில் தண்ணீர் நின்றதை நான் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பார்க்காதவன்போல் சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டினேன்.

"இன்னும் ஒன்றரை மணி நேரம் தாங்கும்" என்றார், யாரிடமும் என்றில்லாமல்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் யோசித்திருப்பார்கள். புகழேந்தியும் யோசித்தார். இந்த வகையினருக்கு ஒரு விசேஷம் உண்டு: தூக்கும் முறை தப்பு என்று அவர்களுக்கு ஒருநாளும் தோன்றாது, ஆள் கணக்குதான் தப்பாகத் தெரியும்.

"நாலு பேர் பத்தல. ஆறு பேர் இருந்தா போதும்" என்று மறுபடியும் தெருவைப் பார்த்தார்.

ரேணுகாம்பாள் அவர் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவே இல்லை.

"நாலு பேர் சேந்து தூக்குற வேலை எல்லார் வூட்லயும் ஒருநாள் வரும்ங்க. அது இன்னைக்கு வேணாம்."

இருசப்பன் குனிந்து செருப்பைத் தேடினார். மாறன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். புகழேந்தி மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். அந்த அம்மாள் காம்பவுண்ட் சுவரோரம் போய், "மேஸ்திரி, கொஞ்சம் வரீங்களா?" என்றார்.

சின்னசாமி மேஸ்திரியை நனைத்து நிறுத்தினாலும் ஐம்பது கிலோ தேறாது. அவர் வேலை செய்ததை நான் உட்கார்ந்து பார்த்தேன். சொல்லப்போனால் எழுந்திருக்க முடியாததால் பார்த்தேன். படிக்கட்டின் மேல் இரண்டு நீளப் பலகையைச் சாய்த்துப் போட்டுப் படிகளையே மறைத்துவிட்டார். கிரைண்டர் பக்கத்தில் வந்து, அடியில் கடப்பாரையைச் செருகி, ஒரு செங்கல்லின் மேல் தாங்கவைத்து, முனையைக் காலால் அமுக்கினார். நாங்கள் நாலு பேர் கண் பிதுங்கத் தூக்கிய அதே கிரைண்டர் மெல்ல எழுந்து, அடியில் குழாய் போடுகிற வரைக்கும் காத்துக்கொண்டு நின்றது. மாடித் தளத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த கான்கிரீட் பீமில் இரும்புக் கயிற்றைச் சுற்றிச் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டார். அது ஒன்றும் பெரிய மாயம் இல்லை. ஒரு கொக்கி மேலே, இன்னொரு கொக்கி பாரத்தில், நடுவில் ஒரு டப்பாவுக்குள் பல்சக்கரங்கள், அதிலிருந்து தொங்குகிற சங்கிலி. சங்கிலியை இழுத்தால் பாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். கையை விட்டாலும் இறங்காது, அப்படியே நிற்கும்.

இத்தனை நேரத்தில் மேஸ்திரி ஒரு தடவைகூட எதையும் தூக்கவில்லை. குரலும் கொடுக்கவில்லை. வாயைத் திறந்தது ஒரே தடவை. "கனத்த நாம இன்னாத்துக்குங்க தூக்கணும்? வழி போட்டுக் குடுத்தா அதுவே போய்டும்" என்றார். பிறகு, "யாராவது ஒருத்தர் மேல நின்னு சங்கிலிய இழுங்க. நான் கீழே பாத்துக்கிறேன்."

ரேணுகாம்பாள்தான் இழுப்பார் என்று நினைத்தோம். அவர் மாடிக்கு ஏறிச் சங்கிலியைக் கையில் எடுத்தார். எடுத்தவர், பின்னாலேயே ஏறி வந்து ஓரமாக நின்றுகொண்டிருந்த கணவரைப் பார்த்தார். கை இரண்டையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார் அவர். எனக்கே பாவமாக இருந்தது.

"நீங்க இழுங்க. நான் போயி உளுந்தைக் களைஞ்சு வைக்கிறேன்" என்று சங்கிலியை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

புகழேந்தி காலை அகட்டி நின்றார். மூச்சை இழுத்து நெஞ்சில் அடைத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி ஒரே வெட்டாக இழுத்தார். சங்கிலி எந்த எதிர்ப்பும் காட்டாமல் கையோடு வந்துவிட்டது. மனிதர் பின்னால் சாய்ந்து, சுவரைப் பிடித்து நின்றார்.

"மெதுவா சார்" என்றார் மேஸ்திரி கீழேயிருந்து. "கெணத்துல தண்ணி சேந்துற மாதிரி."

அப்புறம் மெதுவாக இழுத்தார். பத்துத் தடவை கை மாற்றி இழுத்தால் கிரைண்டர் நாலு விரல்கடை நகர்ந்தது. இன்னொரு பத்து. இன்னொரு நாலு விரல்கடை. முதலில் அவர் முகத்தில் சந்தேகம் இருந்தது. மூன்றாம் படியில் ஆச்சரியம் வந்தது. ஆறாம் படி தாண்டியபோது சின்னப் பிள்ளைக்கு வருகிற மாதிரி ஒரு சந்தோஷம் வந்தது. பாதியில் சங்கிலி நீளம் பத்தாமல், மேஸ்திரி கிரைண்டருக்குப் பின்னால் ஆப்பு வைத்து நிறுத்தி, கொக்கியை மாற்றிக் கட்டினார். அந்த ஐந்து நிமிடம் புகழேந்தி இருப்புக் கொள்ளாமல் தவித்தார். பன்னிரண்டாம் படியில் அவர் முகத்துக்கு வந்து சேர்ந்தது வேறொன்று. அதைத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். பெருமிதம்.

"சார், கை வலிக்கும், நான் கொஞ்சம் இழுக்கட்டா?" என்று இருசப்பன் கேட்டார்.

"வேணாம், வேணாம். நானே பாத்துக்கிறேன்."

இழுத்துக்கொண்டே மாறனைக் கூப்பிட்டார். "வாத்தியாரே, போன்ல ஒரு வீடியோ எடுங்க." மாறன் எடுத்தார். "அந்தப் பக்கம் வேணாம், இந்தப் பக்கமா வந்து எடுங்க. மேல அந்த டப்பா தெரியுது பாருங்க." மாறன் இந்தப் பக்கமாக வந்தார். டப்பா மறைந்தது. பலகையும் பாதி மறைந்தது. படத்துக்குள் மிஞ்சியது புகழேந்தியின் தோள், முறுக்கிய கை, பின்னால் மலை, கீழேயிருந்து ஏறி வருகிற கிரைண்டர்.

பதினெட்டாம் படி ஏறியதும் இருசப்பனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "அண்ணாமலையாருக்கு..." என்றார். மறுபடியும் எட்டுக் கையும் மேலே போயின. கிரைண்டர் அசையவில்லை. மேஸ்திரி மட்டும் கும்பிடாமல் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு வளைந்த காலுக்கு அடியில் ஒரு கட்டையை வைத்து மட்டம் பார்த்து, குழவியை மாட்டி, ரேணுகாம்பாள் ஸ்விட்சைப் போட்டார். கல் சுற்றியது. அவர் காதைக் கொடுத்து ஒரு நிமிடம் கேட்டார். முதல் கை உளுந்தை அள்ளிப் போட்டார். பிறகுதான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் விடிவதற்குள் நாலு கடைக்கும் மாவு போய்ச் சேர்ந்தது. கீழ்பென்னாத்தூர்க்காரருக்கு யாரும் போன் செய்யவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. அந்த வீடியோ அன்று மத்தியானமே எங்கள் அலுவலக வாட்ஸப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. மேலே ஒரு வரி: 'தனி ஆளாக.' முப்பது பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஒருவர், "இந்த வயசுல எப்படி சார்?" என்று கேட்க, "நம்ம சாப்பாடு அப்படி" என்று பதில் போட்டார் புகழேந்தி. திங்கட்கிழமை கேன்டீனில் கிரைண்டர் நூற்றைம்பது கிலோ ஆனது. புதன்கிழமை குழவியும் சேர்ந்தே ஏறியதாகத் தெரிந்தது. எங்கள் மூன்று பேரின் கையும், மணலில் குதித்த என் இடுப்பும், பெயர்ந்த படிகளும் கதையிலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அவர் பொய் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறார். சங்கிலி அவர் கையில்தானே இருந்தது?

சனிக்கிழமை பலகையைத் திருப்பி வாங்கிப் போக மேஸ்திரி வந்தார். நானும் அங்கே இருந்தேன். புகழேந்தி அவரை உட்காரவைத்து டீ கொடுத்து, அந்த கிரைண்டரைத் தான் எப்படி ஒற்றை ஆளாக ஏற்றினார் என்பதை அவருக்கே விவரமாகச் சொன்னார். எந்தப் படியில் கை வலித்தது, எந்தப் படியில் வலி மரத்துப்போனது எல்லாம் சொன்னார். மேஸ்திரி டீயை முழுதும் குடித்தார். "ஆமா சார், உங்களுக்கு நல்ல கை" என்றார். பலகையைத் தள்ளுவண்டியில் சாய்த்து வைத்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

மாவு வாங்க வந்த பக்கத்து வீட்டு மணிமொழி சமையலறைக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டாள். "ஏங்க்கா, நெஜமாவே இவரு ஒத்த ஆளா ஏத்துனாரா?"

"ஆமாம்மா, இவருதான் ஏத்துனாரு" என்றார் ரேணுகாம்பாள். கிரைண்டருக்குள் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். நீங்கள் சிலிண்டரை உருட்டுகிறவர், பெட்டியைச் சக்கரத்தில் இழுக்கிறவர், ஓப்பனரில் மூடி திறக்கிறவர். உங்களுக்கும் புகழேந்திக்கும் சம்பந்தமே கிடையாது. ஒரே ஒரு விஷயம் மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடுகிறேன். போன வாரம் வீட்டுக்கு வந்திருந்த சொந்தக்காரப் பையனை எதிரில் உட்காரவைத்து, "நான் யார் தயவும் இல்லாம, தனி ஆளா முன்னுக்கு வந்தவன்" என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் சொன்னீர்களே, வேலை கிடைத்ததில் தொடங்கி வீடு கட்டியது வரைக்கும், ஞாபகம் இருக்கிறதா? அப்போது சமையலறையில் ஒருவர் பையனுக்குக் காபி ஆற்றிக்கொண்டு நின்றார். அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தீர்களா?

நான் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அதிலிருந்து என் கதையை வீட்டுக்கு வெளியில் வைத்துத்தான் சொல்கிறேன்.